குத்துச்சண்டையா, எம்.எம்.ஏ.யா: ஒரு கழகத்தின் கேள்வி

வணக்கம் அண்ணை,

விளையாட்டுப் பற்றி நீங்கள் எழுதுறதைத் தொடர்ந்து வாசிக்கிறன். கிளிநொச்சி மாவட்டத்தில ஒரு விளையாட்டுக் கழகத்துக்குச் செயலாளராய் இருக்கிறன். எங்கட பழைய உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டில இருந்து கொஞ்சக் காசு அனுப்பி, பொடியளுக்கு ஒரு சண்டைப் பயிற்சி தொடங்குங்கோ எண்டு சொல்லியிருக்கிறார். அதில நிர்வாகம் ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. மூத்தவை பொக்சிங் எண்டினம். பொடியள் எம்.எம்.ஏ. எண்டு ஒற்றைக் காலில நிக்கிறாங்கள். "பொக்சிங் செத்துப் போச்சு, உலகமே இப்ப யூ.எஃப்.சி.தான் பாக்குது" எண்டுறாங்கள். மூத்தவை, "ஒலிம்பிக்கில இல்லாததும் ஒரு விளையாட்டோ" எண்டு கேக்கினம். உண்மையில எது கூடப் பிரபலம்? எங்களிட்ட இருக்கிறது தகரக் கொட்டகையும் சீமெந்துத் தரையும்தான். பாய் விரிக்கிற அளவுக்குக் காசு காணாது. எட்டுப் பெண்பிள்ளையளும் சேரக் கேட்டிருக்கினம். என்ன செய்யலாம்?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் மூத்தவர்கள் சொல்வதும் சரி, பொடியள் சொல்வதும் சரி. இரண்டு பகுதியும் வேறு வேறு கணக்கை வைத்துப் பேசுகிறார்கள். 'பிரபலம்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கணக்கு இருக்கிறது: ஒரே இரவில் எத்தனை பேர் பார்க்கிறார்கள், கிழமைக்குக் கிழமை எத்தனை பேர் பார்க்கிறார்கள், எத்தனை பேர் கையில் துணி சுற்றி இறங்குகிறார்கள். உங்கள் கழகத்துக்கு மூன்றாவதுதான் முக்கியம். ஆனாலும் முதல் இரண்டையும் சொல்லிவிடுகிறேன், நிர்வாகக் கூட்டத்தில் கேட்பார்கள்.

அதற்கு முன் ஒரு திருத்தம். யூ.எஃப்.சி. என்பது ஒரு கம்பனியின் பெயர். விளையாட்டின் பெயர் எம்.எம்.ஏ. குத்து, உதை, மல், பூட்டு (கை காலையோ கழுத்தையோ மடக்கிப் பிடிப்பது) எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டை. பொடியள் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். அப்படிப் பேசும்படி ஆனதில்தான் அந்தக் கம்பனியின் வெற்றி இருக்கிறது.

ஒரே இரவுக் கணக்கில் குத்துச்சண்டையை எம்.எம்.ஏ. இன்னும் தொடவில்லை. 2015 மே மாதம் குத்துச்சண்டை வீரர்கள் மேவெதரும் பக்கியாவோவும் மோதியபோது, அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 46 லட்சம் வீடுகள் தனியாகக் காசு கட்டிப் பார்த்தன. எம்.எம்.ஏ.யின் உச்சம் 2018 ஒக்ரோபரில் கபீப், மக்கிரெகர் சண்டை. அதற்குச் சொல்லப்படும் எண்ணிக்கை 24 லட்சம் அளவில். அதே மக்கிரெகர் 2017இல் கூண்டை விட்டு குத்துச்சண்டை மேடைக்கு வந்து மேவெதரோடு மோதியபோது விற்பனை 43 லட்சத்தைத் தொட்டது. ஒரே ஆள், விளையாட்டு மாறியதும் கூட்டம் ஏறக்குறைய இரட்டிப்பு. நேரில் வருபவர்களும் அப்படித்தான். 2024 செப்ரெம்பரில் ஜோஷுவா, டுபுவா சண்டைக்கு லண்டன் வெம்ப்ளி அரங்கில் 96,000 பேர். யூ.எஃப்.சி.க்கு 2019இல் மெல்பேர்னில் 57,000 பேர் வந்தது பெரிய சாதனையாகப் பேசப்பட்டது.

2024 நவம்பரில் 58 வயது மைக் டைசன், யூடியூபில் பெயரெடுத்து மேடைக்கு வந்த ஜேக் போலோடு மோதியதை நெட்ஃபிளிக்ஸில் 6 கோடி வீடுகள் நேரடியாகப் பார்த்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. அது நல்ல சண்டை அல்ல. இரண்டு நிமிடச் சுற்றுகள் எட்டு, அதிலும் பாதிக்கு மேல் டைசன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஆனால் டைசன் என்ற பெயர் பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். குத்துச்சண்டையின் பலம் அங்கேதான் கிடக்கிறது. முகமது அலி 1980இல் சென்னைக்கு வந்து காட்சிச் சண்டை போட்டபோது எம்.ஜி.ஆர். மேடைக்கு அருகில் இருந்தார். அப்படி ஆழ ஊன்றிய பெயர் எம்.எம்.ஏ.யில் கபீப் ஒன்றுதான் இப்போது எங்கள் பக்கம் வந்திருக்கிறது.

கிழமைக் கணக்குக்கு வந்தால் நிலைமை தலைகீழ். யூ.எஃப்.சி. ஆண்டுக்கு 40 நிகழ்ச்சிக்கு மேல் நடத்துகிறது. லாஸ் வேகாஸில் சனி இரவு என்றால் எங்களுக்கு ஞாயிறு காலை. பள்ளிக்கூடம் இல்லை, பொடியன் பாயில் படுத்தபடியே கைபேசியில் பார்க்கிறான். முழுச் சண்டையை அல்ல, அடித்து விழுத்தும் இருபது செக்கன் துண்டை. திங்கள் காலை பள்ளிக்கூட வாசலில் அதைத்தான் பேசுகிறார்கள். குத்துச்சண்டையில் சுற்றுக்குச் சுற்றுப் புள்ளி சேரும் நுட்பம் இருபது செக்கனுக்குள் அடங்காது. இடது கையால் தூரம் அளப்பதும் எதிராளியின் வலது காலுக்கு வெளியே காலடி வைப்பதும் பார்க்கப் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.

இன்னொரு காரணம் ஒழுங்கு. யூ.எஃப்.சி.யில் ஒரு எடைக்கு ஒரு பட்டம், ஆர் ஆரோடு மோதுவது என்பதைக் கம்பனியே தீர்மானிக்கும். தொழில்முறைக் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் கொடுக்கும் அமைப்புகள் நான்கு, எடைப்பிரிவுகள் 17. ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனி முகவர், தனித்தனித் தொலைக்காட்சி. மேவெதர், பக்கியாவோ பேச்சு 2009இல் தொடங்கியது. சண்டை நடந்தபோது ஒருவருக்கு 38 வயது, மற்றவருக்கு 36. ஆறு ஆண்டு வீணாகியது. 2024 மே மாதம் உக்ரேன் வீரர் உஸிக் ஃபியூரியை வென்று நான்கு பட்டங்களையும் ஒன்றாக்கி அதிபார எடையின் ஒரே வீரரானார். அடுத்த மாதமே அதில் ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று. அந்த அமைப்பு சொன்ன எதிராளியை விட்டு ஃபியூரியோடு மறுசண்டைக்குக் கையெழுத்திட்டதுதான் காரணம். 'ஆர் இப்ப சம்பியன்?' என்று ஒரு பொடியன் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத விளையாட்டு புதிய ஆட்களைச் சேர்ப்பது கடினம்.

எம்.எம்.ஏ. அந்த ஒழுங்குக்குப் பெரிய விலை கொடுக்கிறது. வீரர்களின் சம்பளத்தை அமுக்கியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கை முடிக்க யூ.எஃப்.சி. கட்ட ஒப்புக்கொண்ட தொகை 37.5 கோடி டொலர். உச்சத்தில் இருக்கும் குத்துச்சண்டை வீரர் ஒரே இரவில் உழைப்பதை எம்.எம்.ஏ. வீரர் நினைத்தும் பார்க்க முடியாது. இதையும் பொடியளுக்குச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கணக்கு. வன்னியில் ஒரு பிள்ளை பயிற்சியில் இறங்கினால் அடுத்த படி என்ன? குத்துச்சண்டைக்கு ஏணி இருக்கிறது. பாடசாலை மட்டத்தில் ஸ்டப்ஸ் கேடயம், கழகங்களுக்கு கிளிஃபர்ட் கிண்ணம், லேட்டன் கிண்ணம், அதற்கு மேல் தேசிய விளையாட்டு விழா, பொதுநலவாய விளையாட்டு, ஒலிம்பிக். பொதுநலவாய விளையாட்டு அப்போது பேரரசு விளையாட்டு விழா; அதில் இலங்கைக்கு முதல் தங்கம் வந்ததே குத்துச்சண்டையால்தான், 1938 சிட்னியில், பார்னி ஹென்ரிகஸ். ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை போய்விடும் என்ற பயம் சில ஆண்டு இருந்தது. பழைய உலக அமைப்பின் அங்கீகாரத்தை 2023இல் ஒலிம்பிக் குழு பறித்தது. பிறகு புதிய அமைப்பு வந்து, 2028 லொஸ் ஏஞ்சலிஸில் குத்துச்சண்டை உண்டு என்று 2025 மார்ச்சில் உறுதியாகிவிட்டது. எம்.எம்.ஏ. ஒலிம்பிக்கில் இல்லை. 2026 ஆசிய விளையாட்டு விழாவில் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாகச் சேர்த்திருக்கிறார்கள். மூத்தவர்களின் வாதமும் கன காலம் நிற்காது.

என் முடிவைச் சொல்கிறேன்: குத்துச்சண்டையில் தொடங்குங்கள். எம்.எம்.ஏ.யின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. மற்றப் பாதியான மல்லையும் பூட்டையும் தரை சரியான பிறகு, அவற்றைக் கற்பிக்கத் தெரிந்த ஒருவர் கிடைத்த பிறகு சேர்க்கலாம். சீமெந்துத் தரையில் தூக்கிப் போடும் பயிற்சியை மட்டும் தயவுசெய்து தொடங்காதீர்கள். விழப் பழகாத பிள்ளை கையை ஊன்றித்தான் விழும். மணிக்கட்டு அல்லது காறை எலும்பு போகும்.

பயிற்றுநர் இல்லாமல் எதையும் வாங்கவும் வேண்டாம். மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரிடம் போய், சான்றிதழ் உள்ள குத்துச்சண்டைப் பயிற்றுநர் கிழமைக்கு இரண்டு நாள் வருவாரா என்று முதலில் கேளுங்கள். கராத்தே மாஸ்டர் நல்லவராக இருக்கலாம், ஆனால் தலையில் குத்து வாங்கும் பயிற்சி வேறு.

கை சுற்றும் துணிக்கு வெளியில் காசு செலவழிக்கத் தேவையில்லை. கடைத் துணி நாலரை மீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றர் அகலம். எட்டு முழப் பருத்தி வேட்டி ஒன்றை நீளவாட்டில் கிழித்தால் மூன்றரை மீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான 24 துண்டு வரும். கரையை வெட்டி எறிந்துவிடுங்கள், தோலை அறுக்கும். 15 வயதுக்குக் கீழே 12 பிள்ளைக்கு அது காணும். விரல்களை நன்றாக விரித்துப் பிடிக்கச் சொல்லிச் சுற்ற வேண்டும். பெருவிரலில் தொடங்கி, மணிக்கட்டைச் சுற்றி மூன்று, உள்ளங்கையைச் சுற்றி மூன்று, பிறகு ஒவ்வொரு விரலிடுக்கிலும் குறுக்காக விட்டு எடுத்து, முட்டியின் மேல் மூன்று, மிச்சம் மணிக்கட்டில். விரலை மடக்கி வைத்துச் சுற்றினால் அப்போது இறுக்கமாகத்தான் இருக்கும், சண்டையின் இரண்டாவது சுற்றிலேயே தளர்ந்துவிடும். விரித்துச் சுற்றிய துணி கையைப் பொத்தும்போது தானாக இறுகும். சுற்றி முடிந்ததும் விரல் நுனியைப் பாருங்கள், வெளிறினாலோ விறைத்தாலோ அவிழ்த்துத் திரும்பச் சுற்றுங்கள்.

குத்தும் பையையும் நீங்களே செய்யலாம். ஒரு பையின் நிறை குத்துபவனின் நிறையில் பாதி என்பது பொதுக் கணக்கு. 60 கிலோப் பொடியனுக்கு 30 கிலோ. எல்லாரும் விடும் பிழை உரப்பைக்குள் மணலை நிரப்புவது. ஒரு மாதத்தில் மணல் அடியில் இறங்கி சீமெந்துக் கட்டிபோல ஆகிவிடும். அதில் பிழையாகக் குத்தினால் சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே உள்ள எலும்பு உடையும். உரப்பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்று விட்டு, கிழிந்த துணிகளை நாலு விரல் தடிப்பு வரும்போதெல்லாம் உலக்கையால் இடித்து இறுக்குங்கள். பொத்தானும் கொழுவியும் வெட்டி எடுத்துவிட்டுப் போடுங்கள். நிறை காணாவிட்டால் மட்டும், நடுவில் ஒரு பொலித்தீன் குழாயில் 4 கிலோ மணலை நன்றாகக் கட்டி வையுங்கள். பையின் அடி இடுப்பு மட்டத்துக்கு வர வேண்டும். தகரக் கொட்டகையின் கூரை வளையில் தொங்கவிட வேண்டாம், ஆடி ஆடித் தகர ஆணிகள் கழரும். தனியாக இரண்டு பாலைக் கப்பு நட்டுக் குறுக்குமரம் போடுங்கள். மாரியில் பையைக் கழற்றி உள்ளே வையுங்கள். நனைந்தால் நிறை கூடும், பூஞ்சணமும் பிடிக்கும்.

காசை இந்த மூன்றில் போடுங்கள்: கையுறை, தலைக்கவசம், பல்காப்பு. இருவர் எதிரெதிரே நின்று பழகும்போது 14 அல்லது 16 அவுன்ஸ் கையுறை போட வேண்டும். 16 அவுன்ஸ் என்றால் ஒரு கை 450 கிராம் அளவு. 4 அவுன்ஸ் எம்.எம்.ஏ. கையுறையை எவரும் எவருக்கு முன்னாலும் போட்டு நிற்கக் கூடாது. அது பிடிப்பதற்காக விரல் வெளியே விட்டுச் செய்த கையுறை. அதற்குள்ளிருக்கும் பஞ்சு குத்துபவனின் முட்டியைத்தான் காக்கும், வாங்குபவனின் தாடையைக் காக்காது. கையுறை பொதுவில் இருக்கலாம். பல்காப்பு மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக, வெந்நீரில் போட்டு வாயில் கடித்துப் பதியவைப்பது. பயிற்சி முடிந்ததும் கையுறைக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி வைத்தால் வியர்வையை இழுத்துவிடும்.

மேடை வேண்டாம். 6.1 மீற்றர் சதுரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போதும். வீதிப்பக்கம் பார்த்திருக்கும் மூலையில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள், வேடிக்கை பார்க்கும் சின்னப் பிள்ளைகள் உள்ளே ஓடி வராமல். 15, 16 வயதுக்கு இரண்டு நிமிடச் சுற்று மூன்று, இடையில் ஒரு நிமிட ஓய்வு. பெரியவர்களுக்கு மூன்று நிமிடம். முதல் மூன்று மாதம் எதிராளியே தேவையில்லை: கயிறடித்தல், காலடி, பை. தலையில் குத்துவதை அனுமதிக்க ஆறு மாதம் காத்திருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

பாய்க்குக் காசு காணாது என்றீர்கள். ஜப்பானியரின் தத்தாமிப் பாயின் உள்ளே இருந்தது இறுக்கிய வைக்கோல்தான். உங்களிடம் காலபோக அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. 6 மீற்றர் சதுரத்துக்குச் சுற்றிவரப் பலகை அடித்து, காய்ந்த வைக்கோலை ஓரடிக்கு மிதித்து நிரப்பி, மேலே நெல் காயவிடும் தடித்த படங்கை இழுத்து ஓரங்களில் பலகையோடு அறைந்துவிட்டால் விழப் பழக நல்ல தரை. உமி போட வேண்டாம், காலுக்குக் கீழே நழுவும். மரத்தூள் நல்லது, ஆனால் ஆலையில் இருந்து வரும்போது ஆணியும் சிராயும் இருக்கும், சல்லடையில் அரித்துத்தான் போட வேண்டும். வைக்கோலில் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ஒவ்வொரு நாளும் முதலில் தடியால் நாலு பக்கமும் தட்டிப் பாருங்கள், மாரி தொடங்க முன் முழுதையும் எடுத்து எரித்துவிடுங்கள். படங்கை ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் 10 லீற்றர் தண்ணிக்கு 100 மில்லிலீற்றர் வெளுப்புத் திரவம் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டுக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவரின் படர்தாமரை ஒரு மாதத்தில் எல்லாருக்கும் வந்துவிடும். பூட்டுப் பயிற்சியில் ஒரே சட்டம்: பிடியில் இருப்பவர் கையால் தட்டினால் விட வேண்டும், அந்தக் கணமே. கழுத்துப் பிடி சரியாக விழுந்தால் பத்து செக்கனுக்குள் நினைவு போய்விடும்.

எது ஆபத்துக் கூட என்றும் நிர்வாகத்தில் கேட்பார்கள். எம்.எம்.ஏ.யில் இரத்தம் கூட, குத்துச்சண்டையில் தலைக்கு அடி கூட. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்து ஆய்வொன்று போட்டிக்குப் பிந்தைய மருத்துவப் பதிவுகளைப் பார்த்தது. எம்.எம்.ஏ. வீரர்களில் ஏறக்குறைய 59 வீதம் பேருக்கும் குத்துச்சண்டையில் 50 வீதம் பேருக்கும் ஏதோ ஒரு காயம். ஆனால் நினைவு தப்பியவர்கள் குத்துச்சண்டையில் 7 வீதம், எம்.எம்.ஏ.யில் 4 வீதம். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. 1982இல் கொரிய வீரர் கிம் டக் கூ மேடையில் வாங்கிய அடியால் இறந்த பிறகுதான் உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறையத் தொடங்கின. ஆகவே உங்கள் கழகத்தில் ஒரு கொப்பி வையுங்கள். ஆர், எந்தத் திகதி, தலையில் எப்படி அடி வாங்கினார் என்று எழுத வேண்டும். தடுமாறி விழுந்தவர் ஒரு மாதம் எதிராளியோடு நிற்கக் கூடாது. நினைவு தப்பினால் குறைந்தது மூன்று மாதம், அதுவும் வைத்தியர் கையெழுத்திட்ட பிறகு. சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை பார்க்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நிறை குறைப்பது பற்றி ஒன்று. கைபேசியில் இருந்து பொடியளுக்கு வந்து சேரும் மோசமான பழக்கம் இதுதான். எம்.எம்.ஏ. வீரர்கள் போட்டிக்கு முதல் நாள் நிறை காட்டுவார்கள், பிறகு இரவிரவாகத் தண்ணி குடித்துத் தேறுவார்கள். அமெச்சூர் குத்துச்சண்டையில் நிறை பார்ப்பது போட்டி நாள் காலை, தேற நேரமில்லை. பொலித்தீன் சட்டை போட்டுச் சித்திரை வெயிலில் ஓடும் பிள்ளை வன்னியில் உயிருக்கே ஆபத்தைத் தேடுகிறது. கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைக்க விடாதீர்கள், வளரும் பிள்ளையைக் குறைக்கவே விடாதீர்கள், மேல் எடைப்பிரிவில் நிற்கட்டும். பெயர் தெரியாத புரதத் தூளையும் கிட்ட விடாதீர்கள். 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டில் இலங்கை வீரர் மஞ்சு வன்னியாராச்சி வென்ற தங்கம், உடலில் நன்ட்ரொலோன் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து கண்டதால் திரும்பப் போனது.

கடைசியாக அந்த எட்டுப் பெண்பிள்ளைகள். கட்டாயம் சேருங்கள். பெண்கள் குத்துச்சண்டை 2012 லண்டனில் இருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2018இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் அனுஷா கொடிதுவக்கு இலங்கைக்கு வெண்கலம் கொண்டுவந்தார். பயிற்சி நேரத்தை நாலு மணிக்கு வைத்து ஆறு மணிக்குள் முடியுங்கள், இருட்டுப்பட்டுச் சைக்கிளில் காட்டுப் பாதையால் போக வேண்டி வந்தால் வீட்டில் அடுத்த கிழமையே நிறுத்திவிடுவார்கள். கொட்டகையில் எப்போதும் பொறுப்பான பெண் ஒருவர் இருக்க வேண்டும், ஒரு தாய் வந்து இருந்தாலே போதும். மார்புக் காப்பு இரண்டு அளவில் வாங்குங்கள். தலைமுடியைக் கொண்டை போட்டால் தலைக்கவசம் மேலே தள்ளிக் கண்ணை மறைக்கும். இரட்டைப் பின்னலாகத் தாழப் பின்னி, வலைக்குள் விட்டு, அதன் மேல் கவசத்தைப் போடச் சொல்லுங்கள். கொண்டை ஊசி ஒன்றும் உள்ளே இருக்கக் கூடாது.